பேச்சு முடிந்த பின்

1928-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் இந்தியாவைச் சுற்றி வந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கேட்கப் போயிருந்தவர்களில் இயற்பியல் ஆனர்ஸ் மாணவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர், வயது பதினெட்டு. அணு அமைப்பைப் பற்றி சோமர்ஃபெல்ட் எழுதிய தடித்த புத்தகத்தை ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்த பையன். பேச்சைக் கேட்டதோடு வீடு திரும்பிவிடாமல், பேராசிரியர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய் அவரைச் சந்தித்தார்.

அங்கே கிடைத்த செய்தி அதிர்ச்சியானது. நீ படித்த புத்தகத்தில் உள்ள குவாண்டம் கோட்பாடு பழசாகிவிட்டது, ஹைசன்பெர்க்கும் ஷ்ரோடிங்கரும் டிராக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்றார் சோமர்ஃபெல்ட். புதிய புள்ளியியலைப் பற்றிப் பேச்சு வந்தது. உலோகங்களில் எலெக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதம் குறித்துத் தான் எழுதி, இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படியைப் பையன் கையில் கொடுத்தும் அனுப்பினார். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு தானாகவே படித்து, தானாகவே கணக்குப் போட்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அது போன வழியில்தான் கேம்பிரிட்ஜ் வந்தது. 1983-இல் நோபல் பரிசும் வந்தது.

இன்றைய அமெரிக்கப் பல்கலைக்கழக மொழியில் அந்தச் சொற்பொழிவை ‘செறிவூட்டல் நிகழ்ச்சி’ என்பார்கள். தமிழ்நாட்டில் செறிவூட்டல் என்றதும் ரேஷன் அரிசிதான் நினைவுக்கு வரும். இரும்புச்சத்தும் வைட்டமினும் ஏற்றிய மணிகளை, நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் சாதாரண அரிசியில் கலந்து தருகிறார்கள். ஆனர்ஸ் கல்லூரிகள் செய்வதும் ஏறக்குறைய அதுதான். வழக்கமான பாடங்களுக்கு நடுவே ஒரு மாலைச் சொற்பொழிவு, ஒரு நாடகம், ஓர் அருங்காட்சியகப் பயணம், பேராசிரியரோடு ஓர் இரவு உணவு என்று அங்கங்கே தூவுகிறார்கள். அரிசியில் அந்த மணி உடம்பில் சேர்ந்ததா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். மாணவனிடம் எப்படிப் பார்ப்பது? சென்னையில் நடந்தது சொற்பொழிவால் விளைந்ததா, ஹோட்டல் அறையால் விளைந்ததா என்ற கேள்வியும் இதற்குள்ளேயே இருக்கிறது.

ஆனர்ஸ் என்ற சொல்லுக்கு ஊருக்கு ஊர் பொருள் வேறு. ஆக்ஸ்ஃபோர்டு 1800-இல் தேர்வு விதிகளைத் திருத்தியபோது, வெறுமனே தேறுகிறவனையும் சிறப்பாகத் தேறுகிறவனையும் பிரித்தது. அந்த வழியில் வந்ததுதான் இந்தியாவின் ஆனர்ஸ். ஒரே பாடத்தில் ஆழமாகப் போவது என்பதே இங்கே அதன் பொருள். அமெரிக்காவில் அது வேறு வடிவம் எடுத்தது. ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பிய ஃபிராங்க் அய்டலாட் 1921-இல் பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரிக்குத் தலைவரானார். எல்லா மாணவர்களையும் ஒரே வேகத்தில் படைவீரர்களைப் போல நடத்திச் செல்வது அவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டே அங்கு ஆனர்ஸ் தொடங்கியது. ஏழெட்டுப் பேர் ஓர் ஆசிரியரோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து விவாதிக்கும் செமினார்கள் நடந்தன. முடிவில் வெளிப் பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் பேராசிரியர்கள் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் நடத்தினார்கள். பாடம் நடத்தியவரே மதிப்பெண் போடாததால், ஆசிரியரும் மாணவரும் ஒரே அணியில் நின்று அந்நியரை எதிர்கொண்டார்கள். இந்த வழக்கம் ஸ்வார்த்மோரில் இன்றும் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது, அய்டலாட்டின் திட்டத்தில் ‘நிகழ்ச்சி’ என்று தனியாக எதுவும் இல்லை. படிப்பே நிகழ்ச்சியாக இருந்தது. வெளித்தேர்வாளர் வருகைதான் ஆண்டின் பெரிய விழா.

நிகழ்ச்சிகள் பின்னால் வந்தவை. 1957-இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும், கெட்டிக்கார மாணவர்களை வீணடிக்கிறோமோ என்ற பதற்றம் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜோசப் கோஹன் முயற்சியில் சிறந்த மாணவர்களுக்கான பல்கலைக்கழகக் கூட்டுக் குழு ஒன்று உருவானது. 1966-இல் அதன் வழித்தோன்றலாக தேசிய ஆனர்ஸ் கவுன்சில் அமைந்தது. அதற்குள் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களும் களத்தில் இறங்கியிருந்தன. முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேர் படிக்கும் இடத்தில் சில நூறு பேருக்கென ஒரு சின்னக் கல்லூரியைப் பொதிந்து வைப்பது அவர்கள் வழி. தனி ஹாஸ்டல், சிறிய வகுப்புகள், பாடப் பதிவில் முன்னுரிமை எல்லாம் அதில் அடக்கம். பணக்காரக் கொடையாளர்களுக்கும் இது பிடித்துப்போனது. வில்லியம் ஷ்ரேயர் குடும்பம் 1997-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 3 கோடி டாலர் கொடுத்தது. இன்டெல் நிறுவனத்தை நடத்திய கிரெய்க் பாரெட்டும் மனைவி பார்பராவும் 2000-இல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 1 கோடி டாலர் கொடுத்தார்கள். இரண்டு ஆனர்ஸ் கல்லூரிகளும் அவரவர் பெயரில் இயங்குகின்றன. நெதர்லாந்து அரசு 2008-இல் தன் பல்கலைக்கழகங்களில் ஆனர்ஸை வளர்க்கத் தனித் திட்டம் போட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த இரண்டு அமைப்புகளை இணைத்து 2022-இல் என்யுஎஸ் கல்லூரியைத் திறந்தது.

அமெரிக்காவைப் பொறுத்தவரை, ஹார்வர்டுக்கோ யேலுக்கோ போகக்கூடிய மாணவனை உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்தில் நிறுத்தி வைப்பதற்கான போட்டி இது. போட்டி என்று வந்துவிட்டால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். நல்ல செமினாரைப் படம் பிடித்தால் ஒரு மேசையும் எட்டுப் பேரும்தான் தெரிவார்கள். ஓபரா அரங்கின் படிக்கட்டில் ஐம்பது மாணவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் கையேட்டில் எடுபடும். நிகழ்ச்சிகள் பெருகியதற்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்வது அநியாயம். ஆனால் இதுவும் ஒரு காரணம்.

பெருகியதும் கணக்கு வந்தது. ஒரு செமஸ்டருக்கு இத்தனை நிகழ்ச்சி என்று பல ஆனர்ஸ் திட்டங்கள் விதி வைத்திருக்கின்றன. வாசலில் அடையாள அட்டையை ஸ்வைப் செய்ய வேண்டும், சில இடங்களில் ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டும். ஆனர்ஸுக்கு வெளியிலும் இந்த வழக்கம் உண்டு. தென் கரோலினாவின் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க எல்லா மாணவர்களும் 32 பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்குப் போயிருக்க வேண்டும் என்ற விதி புகழ்பெற்றது. இத்தகைய விதிகளுக்கு ஆதரவான வாதம் எளிமையானது. கட்டாயம் இல்லாவிட்டால் தந்தி வாத்திய நால்வர் இசையைக் கேட்கவே போயிருக்காத வேதியியல் மாணவி, கட்டாயத்தால் போய், எதிர்பாராமல் அதில் விழுந்துவிடலாம். பசி எடுக்கும்வரை காத்திருந்தால் சில உணவுகளை யாரும் ருசி பார்க்கவே மாட்டார்கள்.

எதிர்வாதத்துக்கும் பழைய சோதனை ஒன்று துணை நிற்கிறது. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஸ்டான்ஃபோர்டு வளாகத்தின் மழலையர் பள்ளியில் படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு சாராரிடம் முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. மழலையர் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரே தாவாகத் தாவக் கூடாதுதான். இருந்தாலும் சோதனையில் ஆசை குறைந்தது ஏற்கெனவே ஆசை இருந்தவர்களுக்கு. ஆனர்ஸ் மாணவர்கள் பெரும்பாலும் அந்த வகையினர். அதுவரை தானாகப் போன சொற்பொழிவுக்குப் புள்ளி உண்டு என்று தெரிந்த பிறகு, புள்ளி இல்லாத சொற்பொழிவுக்கு அவர்கள் போவார்களா?

கணக்கு வைப்பதால் கெட்டுப்போகாத வடிவங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால், அவற்றில் மாணவனுக்கு உட்கார நாற்காலி இல்லை என்பது முதலில் கண்ணில் படுகிறது. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னிஸ் பிரெய்ட் வளர்த்தெடுத்த ‘நகரமே நூல்’ என்ற முறை இதில் முன்னோடி. தேசிய ஆனர்ஸ் கவுன்சில் 1976 முதல் நடத்திய ஆனர்ஸ் செமஸ்டர்களில் அது உருவானது. முன்பின் தெரியாத ஒரு பேட்டையில் மூன்று நான்கு பேர் கொண்ட குழுவை இறக்கிவிடுவார்கள். வழிகாட்டி கிடையாது, விளக்க உரை கிடையாது. வரைபடம் போடு, கவனி, காது கொடு, பிறகு யோசி என்ற நான்கு வேலைகள் மட்டும் உண்டு. இந்தத் தெருவில் யார் நடக்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள், கடையில் என்ன விற்கிறது, பகல் இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பவர்கள் யார், பஸ் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும். தெருவில் போகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் எல்லாக் குழுக்களும் ஒன்றுகூடி, பார்த்ததைச் சொல்லி, ஒருவர் சொன்னதை ஒருவர் மறுப்பார்கள். ஒரே தெருவை ஒரு குழு ஆபத்தானது என்றும் இன்னொரு குழு நட்பானது என்றும் சொல்லும்போது, தெருவைவிடப் பார்த்தவர்களைப் பற்றித்தான் அதிகம் தெரிய வருகிறது. அந்த விவாதம் இல்லையென்றால் மீதமிருப்பது உலா மட்டுமே.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மெக்காலே ஆனர்ஸ் கல்லூரி இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனது. (பெயரைப் பார்த்துத் தமிழ் வாசகர் திடுக்கிட வேண்டாம். இவர் 1835-இல் ஆங்கிலக் கல்வியைக் கொண்டுவந்த மெக்காலே பிரபு அல்ல, 3 கோடி டாலர் தந்த முதலீட்டாளர் வில்லியம் மெக்காலே.) 2001-இல் தொடங்கிய இந்தக் கல்லூரியில் நியூயார்க் மாநிலத்து மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மடிக்கணினியோடு, அருங்காட்சியகங்களிலும் அரங்குகளிலும் நுழைய ‘பண்பாட்டுக் கடவுச்சீட்டு’ ஒன்றும் கொடுத்தார்கள். நகரின் கலைகள் குறித்த செமினார் முதலில் வரும். முதலாண்டு மாணவர்கள் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்குப் போய், சிறு குழுக்களாக ஓவியங்களின் முன் நின்று பேசுவார்கள். நகரில் குடியேறியவர்களின் கதை அடுத்த செமினார். மூன்றாவது அறிவியல்.

அந்த மூன்றாவது செமினாரோடு சேர்ந்ததுதான் பயோபிளிட்ஸ். 2013-இல் சென்ட்ரல் பார்க்கில் முதலில் நடந்தது. ஒரு நாள் முழுக்க, இரவும் பகலும், விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஒரே பூங்காவில் உள்ள உயிர்களை எண்ணுவது என்று திட்டம். பூச்சி, காளான், வௌவால், குளத்து நத்தை என்று எதையும் விடுவதில்லை. 2015-இல் இது நடந்த ஃப்ரெஷ்கில்ஸ் பூங்கா, ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய குப்பைமேடாக இருந்த இடம். நம் பெருங்குடியையோ கொடுங்கையூரையோ நினைத்துக்கொண்டால் அந்த மண்ணில் மாணவர்களைப் பூச்சி தேட அனுப்பியதன் அழகு புரியும். முக்கியமானது மறுநாள். சேர்ந்த தரவுகளை வைத்து அந்த செமஸ்டர் முழுவதும் மாணவர்கள் கேள்வி எழுப்பி, ஆராய்ந்து, கடைசியில் சுவரொட்டியாக வைத்து விளக்க வேண்டும். ஆகவே ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் விட்டில் எண்ணியவர் அட்டையை ஸ்வைப் செய்துவிட்டு நழுவ முடியாது. எண்ணிக்கை தப்பினால் டிசம்பரில் அவர் கணக்கே தப்பும்.

இவற்றால் என்ன பயன் என்று அளந்தவர்கள் உண்டு. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கு 2008-இல் வெளியிட்ட அறிக்கை அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. மாணவரை ஆழமாக மாற்றக்கூடிய பத்துக் கல்விமுறைகளை அது பட்டியலிட்டது. முதலாண்டு செமினார், ஆசிரியரோடு ஆய்வு, சமூக சேவையோடு இணைந்த பாடம், வெளிநாட்டுப் படிப்பு, இறுதியாண்டுத் திட்டம் போன்றவை அதில் இருக்கின்றன. தனிச் சொற்பொழிவும் ஒருநாள் சுற்றுலாவும் இல்லை. பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் பொதுவானவை நீண்ட நேரம், ஆசிரியரோடும் சக மாணவரோடும் திரும்பத் திரும்பப் பேச வேண்டிய கட்டாயம், செய்ததைப் பற்றி உடனுக்குடன் கருத்து. பின்தங்கிய தயாரிப்போடு வரும் மாணவர்களுக்கு இவற்றால் கிடைக்கும் லாபம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தெரிந்தது என்றும் அவர் காட்டினார். ஆனர்ஸ் கல்லூரிகளுக்கு இது கொஞ்சம் சங்கடமான முடிவு. ஏற்கெனவே வயிறு நிறைந்தவர்களுக்கே பந்தியில் முதல் இடம் போட்டுவருகிறோமா என்று அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மேரிலாந்தின் பால்டிமோர் கவுன்டி பல்கலைக்கழகம் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. ராபர்ட் மேயர்ஹாஃபின் கொடையாலும் பல்கலைக்கழக நிர்வாகி ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கியின் பிடிவாதத்தாலும் 1988-இல் அங்கு மேயர்ஹாஃப் திட்டம் உருவானது. அறிவியலில் முனைவர் பட்டம்வரை போகும் கறுப்பின மாணவர்கள் ஏன் இத்தனை குறைவு என்பதே தொடக்கக் கேள்வி. முதல் அணியில் 19 பேர், அனைவரும் கறுப்பின ஆண்கள். பிறகு பெண்களுக்கும், பின்னர் எல்லா இனத்தவருக்கும் திறந்துவிட்டார்கள். கல்லூரி தொடங்குமுன் ஆறு வாரக் கோடை முகாம் உண்டு. தனியாகப் படிக்காதே, கூடிப் படி என்பது அங்கே சட்டம். அணி முழுவதும் அடிக்கடி கூடி, யார் எதில் வழுக்குகிறார் என்று வெளிப்படையாகப் பேசும். கோடைதோறும் ஆய்வகம். கொரோனாத் தடுப்பூசி ஆய்வில் பெயர் பெற்ற கிஸ்மெக்கியா கார்பெட் இங்கிருந்து வந்தவர்.

இந்தத் திட்டத்தின் இன்னொரு சிறப்பு அதை அளந்த விதம். அழைப்புக் கிடைத்தும் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். சேர்ந்தவர்கள் அறிவியல் முனைவர் படிப்புக்குப் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. ஆனர்ஸ் மாணவரைச் சாதாரண மாணவரோடு ஒப்பிட்டு, எங்கள் நிகழ்ச்சிகளால்தான் இவர்கள் ஜெயித்தார்கள் என்று மார்தட்டும் அறிக்கைகள் நிறைய. சல்லடையில் பெரிய மணிகளைச் சலித்து எடுத்துவிட்டு, என் சல்லடைதான் மணியைப் பெருக்க வைத்தது என்பதைப் போன்ற வாதம் அது. மேயர்ஹாஃப் ஒப்பீட்டிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. சேர வந்தவரின் மன உறுதி வேறாக இருந்திருக்கலாம். ஆனாலும் இரு தரப்பும் ஒரே சல்லடையில் தேறியவர்கள்.

யாரால் வர முடிகிறது என்பது அதிகம் பேசப்படாத விஷயம். வளாகத்திலேயே தங்கியிருப்பவருக்கு இரவு ஏழு மணிச் சொற்பொழிவு என்பது ஐந்து நிமிட நடை. நியூயார்க்கின் குவீன்ஸில் பெற்றோரோடு இருந்துகொண்டு, சாயங்காலம் கடையில் வேலை பார்த்து, ஒரு மணி நேரம் சப்வேயில் வந்துபோகும் மாணவிக்கு அதே சொற்பொழிவின் விலை ஒரு நாள் கூலி. இரண்டு பேருக்கும் புள்ளிக் கணக்கு ஒன்றுதான். நிகழ்ச்சியைப் பாடத்தின் நேரத்துக்குள்ளேயே வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். மெக்காலே தன் கலைப் பயணங்களை செமினாரோடு கோத்தது அந்த வகையிலும் நல்ல யோசனை.

இந்தியாவுக்கு வந்தால், புதிய நான்காண்டு இளங்கலை அமைப்பில் ஆனர்ஸ் என்பது 160 கிரெடிட் சேர்த்தவருக்குக் கிடைக்கும் பட்டத்தின் பெயர். ஆய்வோடு கூடிய ஆனர்ஸுக்கு முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடு வேண்டும். நிகழ்ச்சிகளுக்கோ பஞ்சமில்லை. சிறப்பு விருந்தினர், பொன்னாடை, நினைவுப் பரிசு, பின்னால் பேனர், தர மதிப்பீட்டுக் குழுவின் கோப்புக்காக இடக்குறியோடு புகைப்படம், நன்றியுரை, தேசிய கீதம். கேள்வி கேட்க வேண்டிய நேரத்தில் விருந்தினருக்கு ரயிலுக்கு நேரமாகியிருக்கும்.

ஆனால் இதே மண்ணில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. கணிதப் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய எம்டிடிஎஸ் கோடை முகாம் இந்தியக் கணித மாணவர்களிடையே தனிப் புகழ் பெற்றது. நான்கு வாரம் நடக்கும். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போக மாட்டார், கேள்வி கேட்டுக்கொண்டே போவார். சின்னக் கல்லூரியில் நிரூபணத்தை உருப்போட்டு முதல் மதிப்பெண் வாங்கி வந்தவர், ‘ஏன்’ என்ற ஒரு கேள்வியில் தடுமாறி நிற்பார். அந்தத் தடுமாற்றத்துக்காகவே முகாம்.

அதற்கும் முன்னால் லயோலா கல்லூரியில் பாதிரியார் சார்லஸ் ரசீன் இருந்தார். பிரான்ஸில் கணிதம் படித்த இந்த ஏசு சபைத் துறவி 1937-இல் இந்தியா வந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இருந்துவிட்டு 1939-இல் சென்னைக்கு வந்தார். பாடத்திட்டம் பிரிட்டிஷ் தேர்வு முறையில் தேங்கிக் கிடந்தபோது, பாரிஸில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த நவீன கணிதத்தை ஆனர்ஸ் மாணவர்களுக்குக் காட்டினார், புத்தகங்களைக் கொடுத்தார், ஆராய்ச்சிக்கு டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போங்கள் என்று பம்பாய்க்கு வழிகாட்டினார். அவரிடம் படித்தவர்களில் சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் உண்டு. 1965-இல் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. சி. பி. ராமானுஜமும் அதே வகுப்பறைகளிலிருந்து போனவர்தான். ரசீனின் செறிவூட்டலுக்கு அட்டவணையும் வருகைப் பதிவேடும் கிடையாது.

அமெரிக்காவில் சில ஆனர்ஸ் கல்லூரிகள் இப்போது விருந்தினரை ரயில் நிலையத்தில் வரவேற்பது, உணவுக்கு அழைத்துப்போவது, ஊரைச் சுற்றிக் காட்டுவது ஆகிய வேலைகளை மாணவர்களிடமே விட்டுவிடுகின்றன. மாநிலக் கல்லூரி இதை 1929-இலேயே செய்தது. அந்த அக்டோபரில் ஹைசன்பெர்க் சென்னைக்கு வந்தபோது, மாணவர் அறிவியல் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு சந்திரசேகரிடம் வந்தது. அன்று இரவு இருவரும் மெரினா கடற்கரைப் பக்கம் காரில் சுற்றினார்கள். பையன் தன் கட்டுரைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தான்.